அசல் ஆமை ஓடு, தொடாதீர்கள்

இங்கன உக்காரு ஆத்தா, ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். உன் பையை மட்டும் அந்தப் பக்கமா வச்சுக்க, இந்தப் பெட்டியில இடிச்சிராம. எங்க வீட்டுக்காரவுக வேட்டியைச் சுத்தித்தான் கொண்டாந்திருக்கேன், இருந்தாலும் இந்த டிரைவர் ஓட்டுற ஓட்டைப் பாத்தியில்ல. கல்லல் வர்றதுக்குள்ள நாலு தரம் முன்சீட்டுல போய் முட்டிக்கிட்டேன். நீ சிவகங்கைக்கா? நானும் அங்கதான். வனத்துறை ஆபீசுக்கு.

என்ன அப்படிப் பாக்குற? என்னையப் பாத்தா சந்தன மரம் கடத்துனவ மாதிரியா இருக்கு? அறுபத்தஞ்சு வயசாகுது எனக்கு. பேரு சிகப்பி. காரைக்குடி. இத்தன வயசுல ஒரு போலீஸ் ஸ்டேசன் வாசப்படி மிதிச்சவ இல்ல. என்னையப் போயி வாக்குமூலம் குடுக்க வாங்கன்னு கடுதாசி போட்டிருக்காக. பன்னெண்டு மணிக்கு அங்க இருக்கணும். நான் சொல்ற சொல்லை வச்சுத்தான் எங்க வீட்டுல அவுக வெளிய இருக்கிறதா, உள்ள போறதான்னு முடிவாகுமாம். வக்கீல் சொல்றாரு.

அவுகளா? கார்ல வர்றாக. என் கொழுந்தனாரு, வக்கீலு எல்லாம் ஒண்ணா ஏசியைப் போட்டுக்கிட்டு வர்றாக. நீயும் ஏறுன்னாக. நான் ஏறலை. பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். அவுகளோட ஒரே வண்டியில உக்காந்து வர எனக்கு ஆகாது இன்னைக்கு. அம்புட்டு ஆத்திரம். சொல்றேன் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு, நான் ஆத்திரப்படுறது தப்பான்னு.

மொதல்ல பெட்டியைப் பாத்துக்க. இரு, துணியை வெலக்குறேன். ஒரு முழம்கூட இருக்காது. தேன் கலருல, உள்ள கருஞ்செவப்புத் திட்டுத் திட்டா, மினுமினுன்னு. நாலு மூலையிலயும் பித்தளைப் பட்டை. உன் கண்ணுக்கு என்னா தெரியுது? ஆமை ஓடா? ம். எல்லாரும் அப்படித்தான் சொன்னாக. கடல் ஆமை ஓட்டைச் சூடு பண்ணி எளக்கி, மரப்பெட்டி மேல போர்த்தி ஒட்டுறது. எங்க ஐயா, எங்க அப்பச்சியைப் பெத்தவுக, ரங்கூனுக்கு யாவாரம் பண்ணக் கொண்டுவிக்கப் போனவுக, திரும்பி வர்றப்பக் கொண்டாந்த பெட்டி அது.

எங்க பக்கத்துக் கல்யாணம் நீ பாத்திருக்கியா? பொண்ணுக்குக் குடுக்கிற சாமான் பூராத்தையும் வளவுல, வீட்டு நடு முத்தத்தைச் சுத்தி, பரப்பி வைப்போம். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்குச் சாமான், ஊறுகா ஜாடி வரைக்கும். ஊரே வந்து நின்னு பாக்கும். அப்புறம் ஒண்ணு விடாம ஒரு சிட்டையில எழுதி, குடுத்தவுக ஒரு கையெழுத்து, வாங்கினவுக ஒரு கையெழுத்து. நாளைக்கு ஒண்ணுன்னா அந்தச் சிட்டைதான் பேசும். எங்க அக்கா கல்யாணத்துக்கு வளவு கொள்ளலை. அடுத்த நாலு வருசத்துல எங்களைப் பெத்த அப்பச்சி யாவாரத்துல நொடிச்சுப்போயிட்டாக. என் கல்யாணத்துக்குப் பாதி வளவு வெறுந்தரை. பொம்பளைக வந்து பாத்துட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாக. என் மாமியா இருக்காகளே, சத்தமாவே கேட்டாக, "இம்புட்டுத்தானா?"

நான் மணையில உக்காந்திருக்கேன், எனக்குக் கேக்குது. பட்டுச் சேலைக்குள்ளயே செத்துரலாமான்னு இருந்துச்சு.

அப்ப எங்க ஆத்தா உள்ள போயி இந்தப் பெட்டியை எடுத்தாந்து நடுவுல வச்சாக. நடுவுல, வெறுந்தரையில. "ரங்கூன் ஆமை ஓட்டுப் பெட்டி. என் மூத்தவளுக்கே நான் குடுக்கலை"ன்னாக. என் மாமியா குனிஞ்சு தொட்டுப் பாத்தாக. சிட்டையில எங்க ஆத்தா அவுக கையாலயே எழுதினாக. அஞ்சாப்புதான் படிச்சது, எழுத்து முத்து முத்தா இருக்கும். "ஆமை ஓடு போர்த்திய ரங்கூன் பெட்டி ஒன்று." அதுக்குக் கீழ, பெற்றுக்கொண்டேன்னு எங்க வீட்டுல அவுக கையெழுத்து.

நான் என்னத்தைக் கொண்டாந்தேன்னு அந்த வீட்டுல ஒருத்தரும் அதுக்கப்புறம் வாய் தொறந்ததில்ல. மாமியா ஏதாச்சும் இழுத்தாகன்னா நான் பேச மாட்டேன். பெட்டியை எடுத்து வந்து அவுக கண்ணு முன்னால உக்காந்து துணியால தொடைப்பேன். நிறுத்திக்குவாக.

என் கொழுந்தனார் பொண்டாட்டி உமையா இருக்காளே, அவ ஒருத்திதான். பெரிய எடத்துப் பொண்ணு, இதே மாதிரி அசல் பெட்டி அவ பொறந்த வீட்டுல மூணு கெடக்காம். ஒரே வீட்டுல அந்தப் பாதி கொழுந்தனாரு பங்கு, இந்தப் பாதி எங்க பங்கு. ஒரு நா, பதினஞ்சு இருபது வருசமிருக்கும், பெட்டியை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்தா. "ஆச்சி, இது பெயிண்ட்டு மாதிரியில்ல இருக்கு"ன்னா. ரெண்டு வருசம் நான் அவகூடப் பேசலை. நல்லது கெட்டதுக்குக்கூட சைகைதான்.

இந்த வருசம் தை மாசம், எங்க ஊருப் பக்கம் ஒரு காலேஜுல பழைய சாமான் கண்காட்சி வச்சாக. வீடு வீடா வந்து கேட்டாக. எல்லாரும் அரிவாள்மனை, பல்லாங்குழி, பழைய ரேடியோப் பெட்டின்னு குடுத்துவிட்டாக. நான் இதைக் குடுத்தனுப்புவேனா? நானே கொண்டுபோயி, ரெண்டு நாளும் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்கிட்டேன். வர்ற புள்ளைக எல்லாம் தடவிப் பாக்க வருதுக. அதுக்காக ஒரு அட்டை எழுதி வச்சேன். அசல் ஆமை ஓடு, தொடாதீர்கள். அசலுக்குக் கீழ ரெண்டு கோடு. உமையா வந்தவ அட்டையைப் படிச்சுட்டு, "என்னத்துக்கு ஆச்சி இதெல்லாம், ரங்கூன் பெட்டின்னு மட்டும் எழுதினாப் போதாதா"ன்னா. பொறாமை. எரிஞ்சு சாகுறா.

எவனோ ஒருத்தன் அந்த அட்டையோட சேத்துப் போட்டோ எடுத்து, செல்லுல எல்லாருக்கும் விட்டிருக்கான். அது சுத்திச் சுத்தி வனத்துறைக்குப் போயிருச்சு. நான் இன்னமும் சொல்றேன், இது உமையா வேலையாத்தான் இருக்கும். வேற யாருக்கு என் மேல கண்ணு? அட்டையா? அட்டையில என்ன இருக்கு, நான் உள்ளதைத்தான எழுதினேன்.

அடுத்த வாரம் ஒரு ஜீப்பு வந்து நிக்கிது. காக்கிச் சட்டை போட்ட பொண்ணு ஒண்ணு, கூட ரெண்டு பேரு. ரேஞ்சராம். பேரு எஸ்தராம், தின்னவேலிப் பக்கம். என் மக வயசுகூட இருக்காது. தங்கமான புள்ள, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். உக்காந்து காபி குடிச்சுச்சு. பெட்டியைப் பாத்துச்சு. "ஆச்சி, இந்த மாதிரி நான் நெறையப் பாத்திருக்கேன். முக்காவாசி பெயிண்ட் வேலைதான். இதுவும் பெயிண்ட்தான? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிட்டுப் போயிடறேன்"னுச்சு.

அவுக பின்னாடி நின்னுக்கிட்டு, "ஆமாம்மா, பெயிண்ட்டுதான், பெயிண்ட்டுதான்"ங்கிறாக. ரெண்டு தரம் சொல்றாக!

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? என் வீட்டுல உக்காந்து, என் காபியைக் குடிச்சுக்கிட்டு, எங்க ஆத்தா குடுத்த பெட்டியைப் பெயிண்ட்டுங்கிறா ஒருத்தி, கட்டின புருசன் ஆமாங்கிறாக. "இருங்க"ன்னேன். உள்ள போனேன். பீரோவைத் தொறந்து, மஞ்சப் பையில இருந்து சீர்ச் சிட்டையை எடுத்தாந்து அந்தப் புள்ள கையில குடுத்தேன். "படி தாயி. எங்க ஆத்தா எழுதினது. பெயிண்ட்டான்னு படிச்சுப் பாத்துச் சொல்லு."

அது படிச்சுச்சு. காபி டம்ளரைக் கீழ வச்சுச்சு. "சாத்தப்பன்ங்கிறது யாரு?"ன்னுச்சு.

அவுக மூஞ்சி செத்துப்போச்சு. சரி, போலீசு கேஸுன்னு பயப்படுறாகன்னு நெனச்சேன். அந்தப் புள்ள பொறுமையா எடுத்துச் சொல்லுச்சு. அந்த ஓட்டு ஆமை இப்ப ஒண்ணு ரெண்டுதான் மிச்சமாம். அதுல செஞ்சதை வீட்டுல வச்சிருந்தாலும் குத்தம், வித்தாலும் குத்தம். தாத்தா காலத்துச் சாமான்னா அப்பவே எழுதிக் குடுத்துப் பதிஞ்சிருக்கணுமாம். யாரு பதிஞ்சா? பெட்டியைப் படம் எடுத்துச்சு, சிட்டையைப் படம் எடுத்துச்சு. "பதினஞ்சு நாளையில ரெண்டையும் ஆபீசுக்குக் கொண்டாங்க ஆச்சி. இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தரை வச்சுச் சோதிச்சுப் பாத்துருவோம். அதுவரைக்கும் பெட்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது"ன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருச்சு. இன்னைக்குத்தான் அந்தப் பதினஞ்சாவது நாள்.

ஜீப்பு தெரு திரும்பலை, எல்லாரும் என் மேல விழுறாக. எதுக்குடி அதை எடுத்துக் காட்டுனேன்னு அவுக. எதுக்கு மதனி காட்டுனீகன்னு கொழுந்தனாரு. வக்கீலைக் கூட்டியாந்தாக, அவரும் தலையில கையை வச்சுக்கிட்டாரு. உமையா மட்டும் சுண்டல் செஞ்சு எடுத்தாந்து வச்சுட்டுப் போனா. எனக்கு அதுவும் எரிச்சலாத்தான் இருந்துச்சு.

மூணாம் நாள் மத்தியானம். நான் ரசம் ஊத்துறேன். அவுக கையைச் சோத்துல வச்சபடியே, தலையை நிமித்தாம சொல்றாக. "சிகப்பி, அது நெசமாவே பெயிண்ட்டுதான். நான் போட்டது."

நான் ரசத்தை ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன். எலையைத் தாண்டித் தரையில ஓடிருச்சு.

என்ன கதைன்னா, எண்பத்தெட்டுல எனக்கு வயித்துல கட்டி. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில நாப்பது நாள் கெடந்தேன். பொழைக்கிறதே சந்தேகம்னுட்டாக. அப்ப அவுக காரைக்குடியில பெயிண்ட்டுக் கடை வச்சிருந்தாக, அதுவும் முங்குற நேரம். ஆபரேசனுக்குப் பணம் வேணும்னு இந்தப் பெட்டியை ஒரு கொச்சி வியாபாரிட்டக் குடுத்துட்டாகளாம். நான் திரும்பி வந்து கேப்பேன்னு, ஆசாரிட்டச் சொல்லி மாமரத்துல அதே அளவுல ஒரு பெட்டி அடிச்சு, அந்தப் பழைய பித்தளைப் பட்டையை மட்டும் கழட்டி வச்சிருந்து இதுல மாட்டி, ஆமை ஓடு கணக்காப் பெயிண்ட்டு அடிச்சு அதே எடத்துல வச்சுட்டாகளாம். கடையைப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்து ஒம்பது நாள் அடிச்சாகளாம்.

நான் நம்புவேனா? "ஜெயிலுக்குப் பயந்து இப்படியுமா ஒரு மனுசன் கதை கட்டுவாக"ன்னு கேட்டேன். என் கண்ணை ஏமாத்த முடியுமா? ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னைக்கே நான் பெட்டியைத்தான் மொதல்ல எடுத்தேன். எடை கொறைஞ்ச மாதிரி இருந்துச்சுதான். நாப்பது நாள் படுத்துக் கெடந்தவளுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். புதுசா மின்னுச்சு, சரி, நமக்காகத் தொடச்சு வச்சிருக்காகன்னு சந்தோசப்பட்டேன். பெயிண்ட் வாடை அடிச்சுச்சு. கடையே பெயிண்ட் கடை, அவுக சட்டை, துண்டு, தலகாணி எல்லாத்துலயும் அந்த வாடைதான அடிக்கும்? இதையெல்லாம் வச்சு நான் சந்தேகப்படுவேனா?

"நீங்க போட்டதுன்னா இன்னொண்ணு போட்டுக் காட்டுங்க"ன்னேன். "என் கண்ணு முன்னால. இன்னைக்கே."

போனாக. மஞ்ச எனாமல், காவிக்கட்டிக் கலர் ஒரு டப்பா, கறுப்பு, வார்னிஷ், ரெண்டு பிரஷ்ஷு வாங்கியாந்தாக. பிஸ்கெட் டப்பா மூடியைக் கவுத்து வச்சுக்கிட்டு வளவுல உக்காந்தாக. எழுபது வயசு. மஞ்சளை அடிச்சுக் காய வச்சு, மேல வார்னிஷைத் தடவி, அது ஈரமா இருக்கிறப்பவே காவியைத் தொட்டுத் தொட்டு வைக்கிறாக. நேரா வைக்கிறதில்ல, சாய்வா. அந்தத் திட்டுக்கு நடுவுல கறுப்பு. அப்புறம் காஞ்ச பிரஷ்ஷால மேல லேசா ஒரு இழுப்பு. மொத மூடி கருகின தோசை மாதிரி இருந்துச்சு. நான் சிரிச்சேன். சத்தமாச் சிரிச்சேன், அந்தப் பங்குக்குக் கேக்கட்டும்னு. ரெண்டாவது மூடி கொஞ்சம் பரவாயில்ல. மறுநா மூணாவது எடுத்தாக.

மூணாவது போடுறப்ப நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அவுகளுக்கு இடது கைப் பழக்கம். ஒவ்வொரு திட்டும் வச்சு முடிக்கிறப்ப, பிரஷ்ஷை எடுக்கையில மணிக்கட்டை ஒரு சின்ன சொடுக்கு. அந்தச் சொடுக்குல திட்டுக்கு ஒரு வாலு விழுது. நூலாட்டம், மேல் பாத்து, இடது பக்கமா. எல்லாத்துக்கும். ஒண்ணு தப்பலை.

நான் போயிப் பெட்டியை எடுத்தாந்தேன். வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். இந்தா, நீயும் பாரு. இந்தத் திட்டு, இது, இந்த மூலையில இருக்கிறது. எல்லாத்துக்கும் வாலு. எல்லாம் இடது பக்கம். ஆமைக்கெல்லாமா இடது கைப் பழக்கம் இருக்கும்?

முப்பத்தஞ்சு வருசமாத் தொடக்கிறேன் ஆத்தா. வெள்ளிக்கெழம தவறாமத் தொடக்கிறேன். ஒரு நா பாக்கலை.

"எங்க ஆத்தா பெட்டி எங்க?"ன்னு கேட்டேன். "தெரியலை சிகப்பி. கொச்சிக்காரன் கொண்டுபோயிட்டான். எந்தத் தேசத்துல இருக்கோ"ன்னாக. பிரஷ்ஷைத் தொடச்சுக்கிட்டே சொல்றாக.

எனக்கு அழுகை வரலை. ஆத்திரம்தான் பொத்துக்கிட்டு வந்துச்சு. வித்ததுக்கில்லத்தா. என் உசுருக்காகத்தான வித்தாக, அது எனக்குத் தெரியாதா? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்ல? அதைக் கேட்டேன். அதுக்கு என்ன சொல்றாக தெரியுமா? "நீ குடுத்திருக்க மாட்டே. ஆஸ்பத்திரிக்குக் கார்ல ஏத்துறப்பவே, நான் செத்தாலும் பெட்டியில கை வச்சிராதீகன்னு சத்தியம் வாங்கினியே"ன்னாக.

சரி, சொன்னேன். சொல்லியிருப்பேன். வலியில துடிக்கிறவ சொல்றதையெல்லாமா புடிச்சு வச்சுக்கிறது?

சரி, அப்பச் சொல்லலை. பொழைச்சு வந்தப்புறம் சொல்லலாம்ல? மாமியா செத்தப்புறம் சொல்லலாம்ல? உமையா சொன்னப்ப நான் அவகிட்ட ரெண்டு வருசம் பேசாம இருந்தேனே, அப்பச் சொல்லலாம்ல? "பாவம், அவ மேல தப்பில்ல"ன்னு ஒரு வார்த்தை? நான் ஊரு பூரா, கல்யாண வீடு எழவு வீடு பாக்காம, என் பெட்டி என் பெட்டின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன், இவுக பக்கத்துல நின்னு தலையை ஆட்டுறாக! கண்காட்சிக்கு அட்டை எழுதினேன்ல, அந்தச் செவப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கியாந்து குடுத்தது யாருங்கிற? அவுகதான்! அசலுக்குக் கீழ ரெண்டு கோடு போடுறேன், ஸ்கேலைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக! இந்த மனுசனை என்ன செய்யிறது, நீயே சொல்லு.

"சொல்லணும்னு நெனப்பேன். நீ அதைத் தொடக்கிறதைப் பாத்தா வாய் வராது"ங்கிறாக. வாய் வராதாம். முப்பத்தஞ்சு வருசமா வராத வாய்.

சரி, பெயிண்ட்டுதான், அப்ப ஆபீசுல சோதிச்சா பெயிண்ட்டுன்னு தெரிஞ்சிரும், தொல்லை விட்டுச்சுன்னு நெனக்கிறியா? நானும் அப்படித்தான் நெனச்சேன். வக்கீல் வந்து உக்காந்து, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே கேக்குறாரு. "பெட்டி பெயிண்ட்டு, சரி. அப்பச் சிட்டையில எழுதியிருக்கிற பெட்டி எங்கன்னு கேப்பாகளே ஆச்சி? சாத்தப்பன் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து இருக்கே? என்ன செஞ்சீகன்னு கேப்பாகளே? வித்தேன்னு சொன்னா அது தனிக் குத்தம். மூணு வருசத்துக்குக் கொறையாது."

ஏந்தான் அந்தச் சிட்டையை எடுத்துக் காட்டினோம்னு ஆகிப்போச்சு. நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா அந்தப் புள்ள காபியைக் குடிச்சுட்டுப் போயிருக்கும். அந்தக் கோவம் வேற எனக்கு. யாரு மேல காட்டுறது?

இதுக்கு ஒரே வழிதான் இருக்குன்னாரு வக்கீலு. பெட்டி ஆதியில இருந்தே பெயிண்ட்டுதான்னு நான் சொல்லணும். அசலே கெடையாது. எங்க ஆத்தா பெயிண்ட் பெட்டியைக் கொண்டாந்து வச்சு, ஆமை ஓடுன்னு சிட்டையில பொய் எழுதிட்டாகன்னு சொல்லணும். சம்பந்தி வீட்டுல மானம் போயிருமேன்னு அப்படி எழுதிட்டாக, எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லணும். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா அதோட கேஸ் முடிஞ்சுதாம். "அம்மாதான் இப்ப இல்லையே ஆச்சி. யாருக்கு என்ன நட்டம்?"ங்கிறாரு.

யாருக்கு என்ன நட்டங்கிறான் பாரு.

எங்க ஆத்தா வெறுந்தரையில கொண்டாந்து வச்சாகளே, அத்தன பேரு முன்னால, தலை நிமிந்து, அது ஒண்ணுதான் எனக்கு அவுக குடுத்தது. பெட்டி போயிருச்சு. அது எந்தத் தேசத்துல கெடக்கோ. மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வரிதான், அவுக கையால எழுதின வரி. அது நெசம். அந்த வளவுல அன்னைக்கு இருந்ததுலயே நெசமான சாமான் அது ஒண்ணுதான். அதைப் பொய்யின்னு நானே போயிச் சொல்லணுமாம். யாரும் இல்ல, நானே. எங்க மாமியாகூட அதைச் சொன்னதில்ல.

அவுக என்ன சொல்றாக தெரியுமா? இன்னைக்குக் காலையில, சட்டையை மாட்டிக்கிட்டே சொல்றாக. "வேண்டாம் சிகப்பி. நீ உள்ளதைச் சொல்லிரு. உங்க ஆத்தா பேரை எடுக்காத. நான் போறேன், என்ன இப்ப"ன்னாக. எனக்குப் பத்திக்கிட்டு வருது! இப்ப வந்து நல்லவுக ஆகுறாக. இம்புட்டு நாளா வாய் வராதவுக, இன்னைக்கு வந்து உள்ளதைச் சொல்லுங்கிறாக. போவாகளாம்! தரையில உக்காந்தா எந்திரிக்க நான் கை குடுக்கணும். காலையில சக்கரைக்கு ஊசி நான் போடணும், அவுகளுக்கு அவுகளாப் போட்டுக்கிட்டா ரத்தம் கட்டிக்கும். சோத்துல கல்லு கெடந்தா துப்பத் தெரியாம முழுங்குற ஆளு. இவுக ஜெயிலுக்குப் போவாகளாம்.

அதான் கார்ல ஏறலை. ஏறியிருந்தா வழி பூரா வைவேன். வஞ்சுக்கிட்டே இருந்தா இந்தா இந்த வார்த்தை வாயில தங்காது. நான் அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு வர்றேன். வக்கீல் எழுதிக் குடுத்திருக்காரு, இந்தாப் பாரு, ரெண்டே ரெண்டு வரி. வீட்டுல சொல்லிப் பாத்தேன், கண்ணாடி முன்னால நின்னு. வரலை. சாமி ரூம்புல எங்க ஆத்தா போட்டோ இருக்கா, அந்தப் பக்கம் கதவைச் சாத்திட்டுச் சொல்லிப் பாத்தேன். ஆத்தாங்கிறது வரைக்கும் வருது, அதுக்கு மேல வர மாட்டேங்குது. பஸ்ஸுல யாராச்சும் முகம் தெரியாதவுக வந்து உக்காந்தா அவுகட்டச் சொல்லிப் பாப்போம்னு நெனச்சேன். நீ வந்து உக்காந்த.

அந்தா மேம்பாலம் தெரியுது. ஊரு வந்துருச்சா? இன்னும் பத்து நிமிசம் இருக்கில்ல? சரி. நான் சொல்றேன், நீ அந்த ரேஞ்சர்ப் புள்ளன்னு வச்சுக்க. சும்மா கேளு.

எங்க ஆத்தா...

இரு, தண்ணி குடிச்சுக்கிறேன்.

எங்க ஆத்தா, சிட்டையில, பொய் எழுதிட்டாக. அது பெயிண்ட்டுப் பெட்டிதான். அன்னைக்கே பெயிண்ட்டுதான். எனக்கு அப்பவே தெரியும்.

வந்துருச்சு. பாத்தியா, வந்துருச்சு. முழுசா வந்துருச்சு.

இல்ல, வேண்டாம், கைக்குட்டை என்கிட்ட இருக்கு. இதுதான் ஆத்தா இப்பப் பெரச்சினை. அங்க போயி இப்படி அழுதேன்னா அந்தப் புள்ள கண்டுபிடிச்சிரும், எது நெசம் எது பொய்யின்னு. சூட்டிகையான புள்ள அது. அழுகாமச் சொல்லணும். இன்னொரு தரம் சொல்றேன், என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேளு.